கிணறு தனியுடைமை, நீர் பொதுவுடைமை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழையே சுண்ணக்கற்பாறைக்குள் இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்கி நிற்கின்றது.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. மிதமிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலெழும்; அயலவரின் கிணறும் கெடும்.

காலநிலை மாறிவருகின்றது. பருவ மழை சில நாட்களில் கொட்டித் தீர்ந்தால், நிலத்துள் இறங்குமுன் பெரும்பகுதி கடலுக்கு ஓடிவிடும். கடல்மட்டமும் உயர்ந்து வருகின்றது.

நீர்வளச் சபைக்கான சட்டம் 1964இல் வந்தது. ஆயினும் ஒவ்வொரு கிணற்றடியிலும் சட்டம் காவல் நிற்க முடியுமா? வன்னியில் குளத்து நீர் எத்தனை ஏக்கருக்குப் போதுமென்று கமக்காரர் கூட்டங்கூடித் தீர்மானிக்கின்றனர். நம் காலடியிலும் ஒரு குளம் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கும் அத்தகைய கூட்டம் ஊர்தோறும் வேண்டும்.