நஞ்சற்ற வர்ணம் முகத்துக்கானதல்ல

"நஞ்சில்லாதது எண்டு பெட்டியிலயே போட்டிருக்கு ரீச்சர். வாயில வச்சாலும் ஒண்டும் செய்யாது. முகத்தில பூசினா மட்டும் என்ன செய்யப்போகுது?"

விழாக் காலம் வந்தால் மட்டக்களப்பின் வவுணதீவுப் பக்கத்தில் இந்தக் கேள்வியும் வந்துவிடும். முன்பள்ளிக் கலைவிழா, சிறுவர் தினம், வினோத உடைப் போட்டி, தமிழ்மொழித் தினப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் பிள்ளைகளின் முகத்தில் நிறம் வேண்டும். வலையிறவுப் பாலம் தாண்டி நகரத்துக்குப் போய் ஒப்பனைச் சாமான் வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை. சித்திரப் பாடத்துக்கு வாங்கிய போஸ்டர் கலரோ வீட்டு அலுமாரியில் இருக்கிறது. புலிக்கு மஞ்சள், அனுமாருக்குச் சிவப்பு, பாரதமாதாவுக்கு வெள்ளை எல்லாம் அதிலேயே முடிந்துவிடுகிறது. அம்மாமாரின் அவசரம் எனக்கு விளங்குகிறது. விளங்காதது, படித்த ஆசிரியர்களும் பெட்டியில் உள்ள அந்த ஒரு வரியைக் காட்டி வாதாடுவதுதான்.

அந்த வரி எதற்குச் சாட்சி என்று முதலில் பார்ப்போம். பிள்ளைகள் பாவிக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கும் வர்ணங்களுக்கும் ஐரோப்பாவில் ஒரு பரிசோதனை முறை உண்டு. வர்ணத்தின் சிறு பகுதியை எடுத்து, செறிவு குறைந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, உடல் வெப்பமான 37 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு அமிலத்தில் ஈயம், கட்மியம், ஆசனிக்கு முதலியவை எவ்வளவு கரைந்தன என்று அளக்கிறார்கள். அந்த அமிலம் இரைப்பைக்குப் பதிலாக வைக்கப்பட்டது. பிள்ளை தவறுதலாக விழுங்கினால் என்ன ஆகும் என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சித்திரப் பொருட்களை மதிப்பிடுபவர்களும், அந்தப் பொருள் எந்த வேலைக்கு விற்கப்படுகிறதோ அந்த வேலையில் பாவிக்கும்போது வரக்கூடிய கேட்டைத்தான் பார்க்கிறார்கள். கண்ணிமையில் பூசி, வெயிலில் ஊர்வலம் விட்டு, வியர்க்க வியர்க்க மூன்று மணி நேரம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எந்த ஆய்வுகூடமும் இந்த வர்ணத்திடம் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பெட்டி எப்படிப் பதில் சொல்லும்? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும், நஞ்சற்றது என்று எழுதப்பட்டிருந்தாலும் தோலுக்கென்று செய்யப்படாத எதையும் முகத்தில் பூச வேண்டாம் என்றே சொல்கிறது.

விழுங்குவது வேறு, பூசுவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் இந்தக் கதையின் வேர். நாம் விழுங்குவது குடலையும் ஈரலையும் தாண்டித்தான் உடலுக்குள் போகும். தோலில் பூசியது அங்கேயே இருந்து, தோலின் நோயெதிர்ப்புக் கலங்களோடு நேரடியாக உறவாடும். மிளகாய்த்தூளைத் தினமும் சாப்பிடுகிறோம், அதற்காகக் கண்ணில் தூவிக்கொள்கிறோமா?

இரசாயனம் படிப்பிப்பவள் என்ற முறையில் ஒரு பொருளின் பெயரைச் சொல்கிறேன். மெதைல் ஐசோதயசோலினோன். நீர் கலந்த வர்ணத்தில் பூஞ்சணமும் பற்றீரியாவும் வளராமல் இருக்கச் சேர்க்கும் காப்புப் பொருள் இது. சுவர்ப் பூச்சிலும் சித்திர வர்ணங்களிலும் பரவலாக உண்டு. முன்பு கிறீம்களிலும் சேர்த்தார்கள். ஒவ்வாமை பெருகியது. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2013இல் இதையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தோலில் பூசி அப்படியே விட்டுவிடும் எந்த அழகுப் பொருளிலும் இது இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. 2017 முதல் அது நடைமுறையில் உள்ளது. உடனே கழுவிவிடும் சவர்க்காரத்திலும் ஷாம்பூவிலும் கூட மில்லியனில் 15 பங்குக்கு மேல் கூடாது. ஆனால் வர்ணப் போத்தலுக்கு இந்தத் தடை இல்லை, ஏனென்றால் அதைக் கடதாசியில்தான் பூசுவார்கள் என்று சட்டம் நம்புகிறது. நாம் அந்தப் போத்தலைத் திறந்து பிள்ளையின் கன்னத்தில் பூசுகிறோம்.

"போன வருசமும் இதைத்தான் பூசினோம், ஒண்டும் நடக்கல்ல" என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஒவ்வாமை முதல் தடவையில் பெரும்பாலும் தெரியாது. உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டு பதிந்துகொள்ள ஏறக்குறைய பத்து, பதினான்கு நாள் எடுக்கும். அடுத்த தடவை அதே பொருள் பட்டால் ஓரிரு நாளுக்குள் கன்னம் சிவந்து, தடித்து, இமை வீங்கும். ஆகவே முதல் வருடம் ஒன்றும் நடக்காதது நற்சான்றிதழ் அல்ல. அன்று பதிவு நடந்திருக்கலாம். ஒருமுறை பதிந்துவிட்டால் அது சாகும்வரை போகாது. பிற்காலத்தில் வீட்டுக்குப் புது வர்ணம் அடித்தாலும் அந்தப் பிள்ளைக்கு முகம் எரியலாம்.

நிறப்பொடியிலும் சங்கதி உண்டு. தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெள்ளையும் இரும்பு ஒட்சைட்டுச் சிவப்பும் ஒப்பனையிலும் வர்ணத்திலும் இருக்கின்றன. "அதே சாமான்தானே" என்று கேட்பார்கள். சேர்மானத்தின் பெயர் ஒன்று, தூய்மை வேறு. அழகுப் பொருளில் போடும் இரும்பு ஒட்சைட்டில் ஆசனிக்கு மில்லியனில் 3 பங்கையும், ஈயம் 10 பங்கையும், இரசம் 3 பங்கையும் தாண்டக்கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. வீட்டு எனாமல் பெயின்ரிலோ, 2013 முதல் நடைமுறைக்கு வந்த இலங்கை விதி மில்லியனில் 600 பங்கு ஈயம்வரை அனுமதித்தது. சிலைக் காட்சிக்காகப் பிள்ளைகளின் கை, கால், முகமெல்லாம் வெள்ளிப் பெயின்ர் அடிப்பவர்கள் ஈயத்தின் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அதைக் கழற்ற மண்ணெண்ணெயும் தின்னரும் போட்டுத் தேய்க்கிறார்களே, அது முதல் கேட்டைவிடப் பெரிய கேடு. தோலின் எண்ணெய்ப் பசையை அவை உரித்தெடுக்கும், மிஞ்சிய வர்ணம் இன்னும் உள்ளே இறங்கும்.

அக்ரிலிக் வர்ணம் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். பூனைமயிரோடு சேர்த்து உரியும். போஸ்டர் கலர் காய்ந்தால் வெடிக்கும், வியர்த்தால் கரைந்து கண்ணுக்குள் ஓடும். பிளாட்டிக்னம் பேனையால் மீசை கீறினால் இரண்டு நாள் போகாது. சூப்பர் குளூவால் தாடி ஒட்டுபவர்களுக்கு ஒன்று: அந்தப் பசை பஞ்சில் பட்டால் சூடேறும், தோல் வேகும் அளவுக்கு. ஜிகினாத் தூள் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் துண்டு, அதன் ஓரம் கருவிழியைக் கீறும். கடையில் விற்கும் கறுப்பு மருதாணியில் தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கும், கொப்புளம் போட்டால் தழும்பு நிற்கும். "கீழே தேங்காயெண்ணெய் பூசினா இறங்காது" என்பதும் பிழை, எண்ணெய் சுவர் அல்ல.

"எங்கட தோல் வெயிலில காய்ஞ்ச தோல், தாங்கும்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். எந்த நிறத் தோலானாலும் கண்ணிமைத் தோல்தான் உடம்பிலேயே மெல்லியது. கறுத்த தோலில் அழற்சி ஆறிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் தங்கும். பெண்பிள்ளைகள் அதற்காக எத்தனை பேச்சுக் கேட்கிறார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாதா? அதோடு, சிறுபிள்ளையின் உடல் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். அதே அளவு பூசினாலும் பெரியவர்களைவிடப் பிள்ளையின் உடலுக்குள் எடைக்கு எடை கூடுதலாகப் போகும்.

இனி மறுபக்கத்தார். கடைச் சாமான் வேண்டாம், பழைய காலம்போல் இயற்கை வர்ணம் பூசுவோம், முன்னோருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பவர்கள். கூத்தின் மேல் பற்றுள்ளவர்கள் இதைச் சொல்வதால் மென்மையாகச் சொல்லப் பார்க்கிறேன், ஆனால் இரசாயனம் மென்மையானதல்ல. அரிதாரம் என்பது ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். கதகளிக்காரர் மனையோலை என்பதும் அதுவே. சாதிலிங்கம் இரசமும் கந்தகமும் சேர்ந்தது. இரண்டும் மண்ணிலிருந்து வந்தவைதான், இரண்டும் நஞ்சுதான். முன்னோருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யார் பார்த்தார்கள்? பார்த்த நாட்டில் ஆகியிருக்கிறது. ஜப்பானில் 1887இல் மன்னர் முன்னிலையில் நடித்த கபுகி நடிகர் நான்காம் நகமுரா ஃபுகுசுகேயின் கால் மேடையிலேயே நடுங்கியது. முகத்தில் பூசிய ஈய வெள்ளையின் நஞ்சுதான் காரணம் என்று கண்டார்கள். அதைவிடக் கொடியது 1923இல் கியோத்தோவின் குழந்தை மருத்துவர் ஹிராய் கண்டறிந்தது. மூளைக்காய்ச்சல்போல வந்து குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த நோய், பாலூட்டும் தாய்மார் பூசிய ஈய வெள்ளைப் பவுடரால் வந்த நஞ்சேற்றம். அந்தத் தாய்மார் யாரும் அதை நஞ்சென்று நினைத்துப் பூசவில்லை.

அதனால் இயற்கை எல்லாமே கெட்டது என்பதல்ல. அரிசிமாக் களி, கரித்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்த மை, வீட்டில் இடித்த மஞ்சள் மூன்றும் நல்லவை. கடை மஞ்சள்தூள் என்றால் கவனம். வங்கதேசத்தில் நிறம் கூட்ட ஈயக் குரோமேற்றுக் கலந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். சிவப்புக்கு உதட்டுச்சாயமே போதும், கன்னத்துக்கும் நெற்றிக்கும் அதையே குழைத்துப் பூசலாம். அது தோலுக்கென்று செய்தது.

ஒப்பனை என்றால் முகம் முழுக்க நிறம் அப்புவது என்று யார் நமக்குச் சொன்னார்கள்? கன்னங்குடாக் கூத்துக் களரியில் வடமோடி அரசன் வந்தால் கரப்புடுப்பு என்ற அரச உடையும் முடியும்தான் அவனை அரசனாக்குகின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கர்ணன் போர், இராவணேசன் என்று கூத்தைப் புது மேடைக்குக் கொண்டுபோனபோதும் உயிராக நின்றது ஆட்டமும் பாட்டும்தான். இன்று பிள்ளைக்கு ஆட்டத்தைப் பழக்க நேரமில்லை, கைத்தொலைபேசிப் படத்துக்காக முகத்தை மட்டும் நிறமாக்குகிறோம். ஊர்களில் கூத்துக்கு ஒப்பனை செய்து பழகிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த முகத்துக்கு எவ்வளவு வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர்களுடைய கைக்குத் தெரியும். நாடகமும் அரங்கியலும் பாடம் நடக்கும் பாடசாலைகள் அவர்களை அழைத்து ஒருநாள் வகுப்பு நடத்தலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வருடத்தில் ஒரு சோடனைச் செலவைக் குறைத்து ஓர் ஒப்பனைப் பெட்டி வாங்கி வைக்கலாம். பான்கேக், உதட்டுச்சாயம், கண்மை, முகப்பவுடர், பிள்ளைக்கொரு பஞ்சு இவ்வளவும் போதும். போட்டி விதிகளில் சித்திர வர்ணமும் பெயின்ரும் பூசிய முகத்துக்குப் புள்ளி இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் அடுத்த வருடமே இந்தப் பழக்கம் நின்றுவிடும். வலயக் கல்வி அலுவலகம் நினைத்தால் முடியும்.

கூத்துக்காரருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. சட்டம் (அவரவர் பாட்டுப் பகுதி) கொடுத்து, பழகிச் சதங்கை அணிந்து, அடுக்கு (முழு ஒத்திகை) பார்த்துத்தான் அரங்கேற்றம். புது ஒப்பனைச் சாமானை அரங்கேற்ற இரவில் முதன்முதலாகத் திறக்காமல், சதங்கை அணியும் நாளுக்கே கொண்டுவாருங்கள். ஒவ்வொருவரின் முழங்கை மடிப்பிலும் கொஞ்சம் பூசி மூன்று நாள் பாருங்கள். இரண்டு வாரம் விட்டு மறுபடியும் பூசிப் பாருங்கள். சிவந்தால் அந்த ஆளுக்கு அது வேண்டாம். பாடசாலையும் இதையே ஒத்திகையில் செய்யலாம். கழற்றுவதற்குத் தேங்காயெண்ணெயும் பஞ்சும் எடுத்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் எது பட்டாலும் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.