குதிகால் வலிக்கு ஷாக்வேவ்: சென்னையில் எங்கே, எப்படித் தேடுவது?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுரீரென்று வலி. நாலு எட்டு நடந்தால் தணிகிறது. பஸ்ஸில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வருகிறது. இப்படி இருந்தால் பெரும்பாலும் அது பிளாண்டார் ஃபேஷியைடிஸ், அதாவது உள்ளங்காலின் அடியில் குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த பட்டை நைந்துபோன நிலை. வலி குதிகாலின் பின்பக்கம், கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தசைநாணில் என்றால் அது அகிலிஸ் கோளாறு. இரண்டுக்கும் ஷாக்வேவ் என்னும் அழுத்த அலைச் சிகிச்சை உண்டு. அண்ணா நகர் முதல் வேளச்சேரி வரை பிசியோதெரபி கிளினிக் போர்டுகளில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். போர்டைப் பார்த்து உள்ளே போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

முதலில், இது உங்களுக்கு இப்போதே தேவையா என்று பாருங்கள். குதிகால் வலிக்காரர்களில் பெரும்பாலானோருக்குப் பயிற்சியும் நல்ல செருப்புமே போதும். ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2000-இல் குதிகால் வலிக்கான ஷாக்வேவ் கருவிக்கு முதன்முதலில் அனுமதி கொடுத்தபோதே, ஆறு மாதம் மற்ற வைத்தியங்களைப் பார்த்தும் தீராதவர்களுக்கு என்றுதான் கொடுத்தது. மூன்று வாரமாகத்தான் வலி என்றால் வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள். கட்டிலை விட்டு இறங்கும் முன் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பத்து நொடி பிடியுங்கள். அதைப் பத்துத் தடவை செய்யுங்கள். பணம் மிச்சமாகும்.

எந்த டாக்டரிடம் காட்டுவது?

மாதக்கணக்கில் தொடரும் வலி என்றால் அடுத்த வேலை, என்ன கோளாறு என்று உறுதிசெய்வது. எலும்பு டாக்டர், பிசிக்கல் மெடிசின் டாக்டர், ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர் மூவரில் யாரிடமும் காட்டலாம். செலவு கட்டுப்படியாகாது என்றால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகியவற்றின் எலும்பு சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. இங்கெல்லாம் டாக்டர் காலைப் பார்த்த பிறகு, ஷாக்வேவ் கருவி அங்கே உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றாலும், எழுதிக் கொடுக்கும் சீட்டு வெளியே கொண்டுபோக உதவும்.

எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு வளர்ந்திருக்கு, அதை உடைக்கணும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடலாம். குதிகாலில் எலும்பு முள் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கிறது. ஷாக்வேவ் அந்த முள்ளை உடைப்பதில்லை. அதற்கான சிகிச்சையும் அல்ல. சந்தேகம் இருந்தால் உதவுவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். உள்ளங்கால் பட்டை 4 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் நோய் அதுதான் என்பதற்கு வலு கூடும்.

சில அறிகுறிகள் இருந்தால் ஷாக்வேவ் பேச்சே எடுக்கக் கூடாது. பாதம் மரத்துப்போவது, இரவில் படுத்த பிறகும் வலி ஓயாதது, இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து இடுப்பும் காலையில் வெகுநேரம் இறுகிக் கிடப்பது, "டப்" என்ற சத்தத்தோடு பின்னங்கால் செயலிழப்பது, கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருப்பது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. கடைசி இரண்டில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கருவியைப் பற்றி

ஷாக்வேவ் தொழில்நுட்பம் சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-இல் மியூனிக் நகரில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது. பிறகு மிகக் குறைந்த ஆற்றலில் தசைநாணுக்கு வந்தது. இது கரண்ட் வைப்பது அல்ல, அழுத்த அலை. இப்போது இரண்டு வகை இருக்கிறது. ரேடியல் வகையில் கைப்பிடிக்குள் காற்றழுத்தத்தால் ஒரு சிறு உலோகக் குண்டு பாய்ந்து முனையில் மோதும். அலை தோலிலிருந்து பரவி, உள்ளே போகப் போகத் தணியும். ஃபோகஸ்டு வகையில் ஆற்றல் உள்ளே ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் குவியும். கருவி விலை அதிகம், கட்டணமும் அதிகம்.

உள்ளங்கால் பட்டையும் அகிலிஸும் தோலுக்கு அருகிலேயே இருப்பவை. அதனால் ரேடியலே பெரும்பாலும் போதும். ஃபோகஸ்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் நகரின் மறுகோடிக்கு ஓட வேண்டாம். காலைத் தொட்டுப் பார்த்து, பயிற்சியும் சொல்லித் தரும் ஒரு பிசியோவிடம் உள்ள சாதாரணக் கருவி, கவனமில்லாதவர் கையில் உள்ள விலையுயர்ந்த கருவியைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. இணையத்தில் விற்கும் வீட்டு உபயோக "ஷாக்வேவ்" பொருட்களில் பணம் போடாதீர்கள்.

போனில் கேட்க வேண்டியவை

மூன்று நான்கு இடங்களுக்குப் போன் செய்யுங்கள். ரிசப்ஷனில் "மெஷின் இருக்கு, வாங்க சார்" என்பார்கள். அதோடு விடாமல், "பிசியோகிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும், எப்ப கூப்பிடலாம்?" என்று கேளுங்கள். அவர் வந்ததும் கேட்க வேண்டியவை: ரேடியலா ஃபோகஸ்டா? முதல் நாள் யார் பரிசோதிப்பார், டாக்டரா பிசியோவா? எத்தனை சிட்டிங், எத்தனை நாள் இடைவெளி? கைப்பிடியின் உதிரி பாகங்களைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

கடைசிக் கேள்வி முக்கியம். ரேடியல் கருவியின் குண்டும் குழலும் லட்சக்கணக்கான அடிகளுக்குப் பிறகு தேய்ந்துவிடும். மாற்றாவிட்டால் சத்தம் வரும், வேலை நடக்காது. முறையாகப் பராமரிப்பவர் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

வழக்கமான முறை வாரம் ஒன்று வீதம் மூன்று முதல் ஐந்து சிட்டிங். தினமும் வரச் சொன்னாலோ, பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டாலோ காரணம் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பணம் கட்டுவதே நல்லது. வெளிநோயாளியாகச் செய்யும் இந்தச் சிகிச்சைக்குப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. உங்கள் பாலிசி எப்படி என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, லிஃப்ட் இல்லாத மாடி கிளினிக் வேண்டாம். அகிலிஸ் வலியோடு வாராவாரம் படி ஏறுவது கொடுமை.

போகும்போது மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், அந்த இடத்தில் புண், தொற்று, கட்டி உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது. குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் தேதியைச் சொல்லுங்கள். பொதுவாகச் சில வாரங்கள் இடைவெளி விடுவார்கள். சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் வலியை வைத்துத்தான் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

சிகிச்சை நாள்

குப்புறப் படுக்க வைத்து, கட்டை விரலால் குதிகாலின் உள்பக்க ஓரத்தை அழுத்திப் பார்த்து, நீங்கள் "அங்கேதான்" என்று சொல்லும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். இப்படித் தேடாமல் குதிகால் முழுக்கக் கருவியை ஓட்டினால் தட்டிக் கேளுங்கள். ஜெல் தடவி, குறைந்த அழுத்தத்தில் டக்டக்கென்று தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். வழக்கமாக 2,000 அடிகள். நொடிக்குப் பத்து என்றால் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை. பொறுக்க முடியாவிட்டால் குறைக்கச் சொல்லுங்கள். மரப்பு ஊசி கேட்க வேண்டாம், பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஓரிரு நாள் வலி கூடுதலாகத் தெரியலாம். பாராசிட்டமால் போதும், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். இரண்டு நாள் ஓட்டமும் குதிப்பும் வேண்டாம்.

பயிற்சியை மட்டும் விடாதீர்கள். படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, மூன்று நொடியில் குதிகாலைத் தூக்கி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்குங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்யுங்கள். அகிலிஸ் எலும்போடு சேரும் இடத்தில் வலி உள்ளவர்கள் குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. அவர்கள் தரையிலேயே செய்யலாம்.

கடைசி சிட்டிங் முடிந்த அன்றே வலி போயிருக்காது. தசைநாண் தேறுவதற்கு வாரங்கள் ஆகும். பன்னிரண்டு வாரம் கழித்து, காலையின் முதல் அடி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் குறைந்திருந்தால் பயிற்சியைத் தொடருங்கள். அசைவே இல்லையென்றால் இன்னொரு ஐந்து சிட்டிங்குக்குப் பணம் கட்டாமல், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் திரும்பப் போய், இது வேறு நோயாக இருக்குமா என்று கேளுங்கள்.