கேளாமல் கிடைத்த மொழி

நுழையும்முன்

கணினியில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்காதபோது, நமக்காக முன்பே தேர்ந்து வைக்கப்பட்டிருப்பது இயல்பிருப்பு எனப்படும். அத்தேர்வைச் செய்தவர் யார்? எதனை எண்ணிச் செய்தார்?

பெர்ன்ஹில்லிலிருந்து குன்னூர் நோக்கி இறங்கும் வழியெங்கும் தேயிலைத் தோட்டங்களைக் காணலாம். சிறு விவசாயி ஒருவர் தாம் பறித்த பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்குத் தருவதாகக் கொள்வோம். எடையிலிருந்து ஈரத்திற்கான கழிவை நீக்கி, விலையால் பெருக்கி, முன்பணம் பெற்றிருந்தால் பிடித்தம் செய்து, எஞ்சிய தொகையை வழங்க வேண்டும். இக்கணக்கின் விதியை அலுவலகக் கணினியிலும் கைப்பேசிச் செயலியிலும் தனித்தனியே எழுதி வைத்தால் என்னாகும்? கழிவு விகிதம் மாறும் நாளில் ஓரிடத்தில் திருத்தி, மற்றோரிடத்தில் மறந்துவிடுவர். ஒரே மூட்டைக்கு இரண்டு தொகைகள் வரும், இழப்பு விவசாயிக்கு.

ஆகவே, விதியைத் தரவுத்தளத்தினுள்ளேயே ஒருமுறை எழுதி வைப்பர். வினவல் மொழியான எஸ்கியூஎல், வேண்டிய தரவை எடுத்துத் தருவதில் வல்லது. நிபந்தனை பார்த்து, திரும்பத் திரும்பச் செய்து, படிப்படியாக நடத்துவதற்குச் செயல்முறை மொழி துணைநிற்கிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் கட்டற்ற தரவுத்தளம். அதற்கெனவே அமைந்த செயல்முறை மொழி பிஎல்/பிஜிஎஸ்கியூஎல். அது மென்பொருளுடன் வந்தபோதிலும், தனிக்கட்டளை இட்டால்தான் தரவுத்தளத்தில் அமையும். நம் மலை இரயில் பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை மட்டுமே பற்சட்டம் உண்டு. அதற்கப்பால் உதகைவரை இல்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும் பொருத்துக என்பதே அங்கும் கொள்கை.

அக்கொள்கையில் நியாயம் உண்டு. பயன்படாத வசதி, அத்துமீறி நுழைபவனுக்குக் கருவியாகலாம். ஆனால், நிருவாகியின் உரிமை இல்லாத மாணவனும், வாடகைக் கணினியில் இடம்பெற்ற சிறு நிறுவனமும் அம்மொழியைப் பெற மற்றவரின் இசைவுக்குக் காத்திருக்க நேர்ந்தது. (வல்லுநருக்கு இது ஒரு வரிக் கட்டளை, ஏனையோருக்கு மூடிய கதவு.)

2010இல் வெளியான 9.0 பதிப்பில் அம்மொழி இயல்பிருப்பாயிற்று. ஏன் அது மட்டும்? பைத்தான், பெர்ல், டிசிஎல் ஆகியவற்றிலும் அங்கே செயல்முறை எழுத இயலும். எனினும், பைத்தானில் எழுதியது தரவுத்தளத்தின் எல்லையைக் கடந்து கணினியின் கோப்புகளையும் தொட வல்லது. அதனால் அது 'நம்பகமற்ற மொழி' என வகுக்கப்பட்டது. மொழியின் தரம் பற்றிய இகழ்ச்சியன்று இது. அதற்கு வேலியிட இயலவில்லை என்பதே பொருள். பெர்லுக்கும் டிசிஎல்லுக்கும் வேலியுள்ள வடிவம் உண்டு என்றாலும், அவை இயங்க அம்மொழிகளும் கணினியில் இருத்தல் வேண்டும். பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லோ வேறெதனையும் வேண்டாது. தரவுத்தளத்தின் எல்லைக்குள்ளேயே இயங்கும்.

அஞ்சியவர்களின் கருத்தும் புறந்தள்ளப்படவில்லை. அம்மொழி இன்றும் கழற்றக்கூடிய பகுதியாகவே உள்ளது. வேண்டாத நிருவாகி அதனை நீக்கிவிடலாம். முன்பு வேண்டுவோர் கேட்டுப் பெற்றனர். இப்போது வேண்டாதோர் முயன்று நீக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் கைப்பேசியில் நீங்கள் தேர்ந்தெடுக்காமலே அமைந்துள்ள மூன்று இயல்பிருப்புகளைக் கண்டறிந்து, அவற்றால் எளிமை பெறுபவர் யார், இடர்ப்படுபவர் யார் என வகுப்பில் கலந்துரையாடுக.