பழைய தேவாலயத்தை இன்றைய சபைக்கு ஏற்பப் புதுப்பிப்பது எப்படி?

கேள்வி: கும்மிடிப்பூண்டிப் பகுதியில் தொழிற்சாலைகளால் மக்கள் பெருகிவிட்டனர். பழைய தேவாலயத்தை இடிக்காமல் அவர்களுக்கு ஏற்றதாக மாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். சென்னை சாந்தோம் பேராலயம் நல்ல சான்று. போர்ச்சுகீசியர் கட்டிய ஆலயம் இருந்த இடத்தில் 1896-இல் எழுந்தது இன்றைய கட்டடம். இயேசுவின் சீடர் தோமாவுடையது என நம்பப்படும் கல்லறை ஆலயத்தின் தரைக்குக் கீழே உள்ளது. அதைக் காண வருவோரால் திருப்பலிக்கு இடையூறு நேர்ந்தது. 2004-இல் முடிந்த புதுப்பிப்பில் கல்லறைச் சிற்றாலயத்துக்கு வெளியிலிருந்து தனி வழி அமைக்கப்பட்டது. கட்டடத்தின் அழகு கெடவில்லை. வழிபாடும் பார்வையாளர் வருகையும் தனித்தனியே நடக்க வழி பிறந்தது. கூட்டம் பெருகும் ஊர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

முதலில் கவனிக்க வேண்டியது சுவர். பழைய ஆலயங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள பழவேற்காடு ஏரியின் கிளிஞ்சல் சுண்ணாம்புக்குப் பேர்போனது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். பழுதுபார்ப்பு என்ற பெயரில் நடக்கும் பெருங்கேடு இதுவே. மர உத்தரங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையானால் தேக்கு உத்தரங்களின் முனைகளில் கரையான் உண்டா என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

கத்தோலிக்க ஆலயங்களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு குருவானவர் மக்களை நோக்கி நிற்பது வழக்கமானது. அதற்குப் பழைய பீடத்தை உடைக்கத் தேவையில்லை. முன்னால் புதிய பீடம் வைத்தால் போதும். உயர்ந்த கூரையில் ஒலி எதிரொலிக்கும். ஒரே பெரிய ஒலிபெருக்கியைவிடத் தூண்தோறும் சிறியவை பேச்சைத் தெளிவாக்கும். மின்கம்பிகளைச் சுவரைக் குடையாமல் வெளிக்குழாயில் கொண்டுசெல்லலாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பக்கவாசலில் அமையலாம்.