சாதனம் சொன்ன பெயர்

யூ.எஸ்.பி. துவாரத்தில் எதையேனும் செருகிய மாத்திரத்தில், கணினி அதனை உள்ளும் புறமும் பரிசோதித்து, இன்னது இப்பொருள், இன்னார் செய்தது, இவ்வளவு கொள்ளளவு உடையது என்று தானே நிர்ணயித்துவிடுகிறது, ஆதலால் நம் நிரல் கேட்டுப் பெறும் சாதனப் பட்டியலில் எது காணப்படுகிறதோ அதுவே பிரத்தியட்ச உண்மை என்றொரு நம்பிக்கை, நிரல் எழுதப் பழகும் மாணவர்களிடம் மட்டுமன்றி, அத்தொழிலில் சம்பளம் வாங்கும் பெரியவர்களிடத்தும் ஆழ வேரூன்றிக் கிடக்கிறது. "விண்டோஸே சொல்லுதே சார், அப்புறம் என்ன?" என்ற வாசகத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. விண்டோஸ் சொல்லத்தான் சொல்கிறது. அதற்கு அச்செய்தியைச் சொன்னவர் யார் என்பதையன்றோ முதலில் விசாரிக்க வேண்டும்?

யூ.எஸ்.பி. 2 வகைச் சாதனமொன்று செருகப்பட்டதும், தரவுக் கம்பிகள் இரண்டில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடையின் வழியே அது மேலே இழுக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் அந்தக் கணத்தில் கணினிக்கு ஒன்றும் தெரியாது. பின்னர் அதனை ரீசெட் செய்து, நீ யார் என்று கேட்க, விடையாக 18 பைட் நீளமுள்ள டிஸ்கிரிப்டர் ஒன்று வருகிறது. தயாரிப்பாளர் எண்ணுக்கு 2 பைட், பொருள் எண்ணுக்கு 2 பைட், எந்த வர்க்கத்தைச் சேர்ந்தது என்பதற்கு ஒரு பைட் என்றிவ்வாறு அமைந்த அந்த வாக்குமூலத்தை அனுப்புவது சாதனத்தினுள் இருக்கும் சில்லே. விண்டோஸில் டபிள்யூ.எம்.ஐ. மூலம் கேட்டாலும், செட்டப் ஏ.பி.ஐ.யை அழைத்தாலும், லினக்ஸில் சிஸ்எஃப்எஸ் அடைவைத் திறந்து கோப்புக் கோப்பாக வாசித்தாலும், கைக்குக் கிட்டுவது அதே வாக்குமூலத்தின் நகல்தான். எல்.எஸ்.யூ.எஸ்.பி. ஆணை கம்பீரமாக அச்சிடும் கம்பெனிப் பெயரும், அந்த எண்ணை வைத்துக்கொண்டு நம் டிஸ்கிலேயே கிடக்கும் ஒரு ஜாபிதாவில் தேடி எடுத்தது என்பதைப் பலர் அறியார். திண்ணையில் வந்து அமர்ந்த அந்நியன் சொன்ன ஊரையும் பேரையும் அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்ட கணக்குப்பிள்ளையின் நிலைதான் கணினியின் நிலையும்.

இது வெறும் சந்தேகமன்று. 2014 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் கூடிய பிளாக் ஹேட் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஜேக்கப் லெல் என்ற இருவர், சாதாரணப் பென்டிரைவின் ஃபர்ம்வேரை மாற்றி எழுதி, அது தன்னைக் கீபோர்டு என்று அறிவித்துக்கொள்ளவும், கணினி மறுபேச்சின்றி ஏற்க, ஆணைகளைத் தானே தட்டச்சு செய்யவும் செய்து காட்டினர். அதே ஆண்டு அக்டோபரில் வேறொரு விபரீதம். கிளாஸ்கோ நகரத்து எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்துக்கு உரிய 0403 என்ற எண்ணைக் கூசாமல் தமதென்று சொல்லிக்கொண்டு எண்ணற்ற போலிச் சில்லுகள் சந்தையில் உலாவி வந்தன. அந்நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியே வந்திறங்கி, போலிகளின் பொருள் எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதவே, நேற்று வரை வேலை செய்த கருவிகள் திடீரென்று கணினிக்கு அடையாளம் தெரியாதவை ஆயின. கண்டனம் கிளம்பியதும் டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. ஒரு டிரைவரால் அழித்தெழுதப்படக் கூடிய எண்ணையா நாம் பிறப்புச் சான்றிதழாகப் பாவித்துக்கொண்டிருக்கிறோம்? கொள்ளளவின் கதையும் இதுவே: நடைபாதையில் வாங்கிய பென்டிரைவ் 1 டெராபைட் என்று கூறினால், விண்டோஸும் 1 டெராபைட் என்றே காட்டும்; முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற நிரலை ஓட்டினாலன்றி வண்டவாளம் வெளிப்படாது.

ஏனைய நம்பிக்கைகளுக்கு இத்தனை மெனக்கெட வேண்டியதில்லை. இணையப் பக்கம் திறந்தவுடன் நம் சாதனங்களையெல்லாம் பார்த்துவிடும் என்பது வீண் பீதி. குரோமில் உள்ள வெப்யூ.எஸ்.பி.கூட, நாமே தேர்ந்தெடுத்து அனுமதித்த சாதனத்தை மட்டுமே பக்கத்துக்குக் காட்டும். சாதனம் வந்ததா போனதா என்று நிரல் நொடிக்கொரு முறை பட்டியலைப் புரட்ட வேண்டும் என்பது அறியாமை. விண்டோஸும் லினக்ஸின் யூடெவும் தாமே செய்தி அனுப்பும். தேடிப் பார்ப்பதால் யாருக்கும் தீங்கில்லை என்பதும் சரியன்று. ஐ2சி கம்பியில் முகவரி முகவரியாகத் தட்டிப் பார்த்த நிரல்கள், பழைய ஐ.பி.எம். திங்க்பேட் சிலவற்றின் ஈப்ராமில் இருந்த தகவலைக் குலைத்ததுண்டு.

பட்டியலை நம்பி ஏமாறுவோர் மிகுதியாகக் காணப்படும் இடம் கடைத் தராசு. "யூ.எஸ்.பி. சீரியல் சி.எச்.340, காம் 5" என்று பட்டியலில் தெரிந்ததும் தராசு இணைந்திருக்கிறது என்று பச்சை விளக்கு காட்டும் மென்பொருள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே தெரிவது நடுவிலுள்ள கன்வெர்ட்டர் மாத்திரமே. அதற்கு அப்பால் போகும் ஆர்.எஸ்.232 கம்பியில் பெயர் சொல்லும் சம்பிரதாயமே கிடையாதாகையால், தராசைக் கழற்றிப் பரணில் போட்டாலும் பட்டியலில் ஓரெழுத்து மாறாது. போர்ட்டைத் திறந்து, குறித்த கால அளவுக்குள் எடை வருகிறதா என்று பார்ப்பதே பரீட்சை.

தராசுகள் இரண்டானால் சங்கடமும் இரட்டிக்கிறது. வரிசை எண் இல்லாத கன்வெர்ட்டர்கள் இரண்டும் 1ஏ86, 7523 என்று ஒரே பாட்டைப் பாட, பெருக்க வந்தவர் கேபிளைத் துவாரம் மாற்றிச் செருகிய அன்றே விண்டோஸ் புதிய காம் எண்ணை வழங்கிவிடுகிறது. பழி மென்பொருள் எழுதியவன் தலையில் விழுகிறது. யூ.எஸ்.பி. விதிப்படி வரிசை எண் கட்டாயமன்று என்ற சலுகையை மலிவுச் சரக்குக்காரர்கள் இவ்வாறு நம் தலையில் கட்டுகிறார்கள். வரிசை எண்ணும் சாதனம் தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தைதான்; ஆயினும் இரு தராசுகளைப் பிரித்தறிய அது போதும். எஃப்.டி.232ஆர் போன்ற சில்லுகள் தொழிற்சாலையிலேயே தனித்தனி வரிசை எண் பெற்று வருகின்றன; அத்தகைய கன்வெர்ட்டரைத்தான் வாங்குவோம் என்று கடைக்காரரிடம் நாம் வற்புறுத்திக் கேட்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் இன்ஸ்டன்ஸ் பாத் என்ற வரியை எடுத்து, கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்வரும் பகுதியின் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். அங்கே அம்பர்சாண்ட் குறி நின்றால், அந்த எண் விண்டோஸ் தானே இட்டுக்கட்டியது. அந்தச் சரக்கை அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம்.