பழைய வெள்ளிக் கரண்டியைச் செய்தவர் யார்?

பழைய வெள்ளிச் சாமான் ஒன்று கடைக்கு வந்தால் எம்மில் பலர் முதலில் எடுப்பது தராசைத்தான். எத்தனை கிராம், இன்றைய வெள்ளி விலை என்ன, உருக்கினால் கழிவு எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்த்து ஒரு விலை சொல்லிவிடுவோம். நானும் இருபது வருடங்களுக்கு மேலாக அப்படித்தான் செய்து வந்தேன். இந்த வாரம் தராசை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எமது பகுதிப் பெண் ஒருவர் கைலேஞ்சியில் சுற்றிய நீளமான கரண்டி ஒன்றைக் கொண்டு வந்தார். ஓரடி நீளம் இருக்கும். இறைச்சிக்கு மேல் குழம்பை ஊற்றவும், மேசையில் பரிமாறவும் வெள்ளைக்காரர் வீடுகளில் பாவித்த வகை. கணவரை இழந்தவர், மகளின் கல்யாணத்தை எதிர்நோக்கி இருப்பவர்.

"நானா, இது உம்மாட வாப்பா துரைட பங்களாவுல கோக்கியா இருந்த நேரம் கிடைச்ச சாமான். நிறுத்துப் பார்த்து சல்லியத் தாங்க" என்றார்.

இப்படியான சாமான்கள் எமது நாட்டில் எப்படி வந்தன என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. பிரித்தானியர் காலத்தில் தோட்டத் துரைமார் தம் ஊரிலிருந்து வீட்டுப் பொருட்களோடு வந்தார்கள். சுதந்திரத்திற்குப் பின்னும், குறிப்பாக 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடும், அவர்கள் புறப்பட்டபோது பல பொருட்கள் ஏலத்தில் போயின. சில வேலையாட்களுக்கு அன்பளிப்பாகக் கிடைத்தன. எனவே மலைநாட்டிலிருந்து வரும் கரண்டியைக் கண்டு ஆச்சரியப்படத் தேவையில்லை. சந்தேகப்படவும் அவசரப்படக் கூடாது.

நான் ஐகிளாஸை வைத்துப் பிடியின் பின்புறத்தைப் பார்த்தேன். ஐந்து சிறு முத்திரைகள் இருந்தன.

ஒன்று, நடக்கும் சிங்கம். இது ஆயிரத்திற்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு இங்கிலாந்தின் அடையாளம். சிங்கம் இல்லாமல் 'ஈ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் அது ஜேர்மன் சில்வர் மேல் வெள்ளி முலாம் பூசியது. துரைமார் வீடுகளிலிருந்து வருபவற்றில் இதுவும் ஏராளம். முலாம் சாமான் செய்தவர்களும் கட்டம் கட்டிய நான்கு முத்திரைகளை வரிசையாக அடித்திருப்பார்கள். தூரத்தில் பார்த்தால் அசல் போலவே தெரியும். 'ஷெபீல்ட்' என்ற ஊர்ப்பெயர் இருப்பதும் வெள்ளி என்பதற்கு ஆதாரமாகாது.

அடுத்தது சோதித்த ஊரின் அடையாளம். இலண்டனுக்குச் சிறுத்தையின் தலை. 1821 வரை அதற்குக் கிரீடம் உண்டு. பேர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெபீல்டுக்கு 1974 வரை கிரீடம், எடின்பரோவுக்குக் கோட்டை, டப்ளினுக்குக் கிரீடம் சூடிய யாழ். எனக்கு வந்த கரண்டியில் கிரீடத்தோடு சிறுத்தைத் தலை இருந்தது. மூன்றாவது மன்னரின் தலை. இது வரி செலுத்தியதற்கான அடையாளம். 1784 டிசம்பர் முதல் 1890 வரை மட்டுமே அடிக்கப்பட்டது. ஆகவே இந்தத் தலை இருந்தால் அந்த நூறு வருடங்களுக்குள் தேடினால் போதும்.

நான்காவது ஆண்டைக் காட்டும் ஆங்கில எழுத்து. இலண்டனில் இருபது எழுத்துகளை வருடத்திற்கு ஒன்றாகப் பாவித்து, முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையோ கட்டத்தின் வடிவத்தையோ மாற்றி மீண்டும் 'ஏ'யிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு வந்ததில் சிம்பிள் 'எம்'. 1776இல் சிம்பிள் 'ஏ'யில் தொடங்கிய வரிசையில், 'ஜே'யை விட்டுவிட்டு எண்ணினால் அது 1787 ஆகிறது. அந்நாளில் எழுத்து மாறியது மே மாதக் கடைசியில் என்பதால் 1787-88 என்று சொல்வதே சரி. கட்டத்தின் வடிவத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வைத்து வருடம் சொன்னால் இருபது, நாற்பது வருடம் தவறிவிடும்.

ஐந்தாவதுதான் செய்தவரின் முத்திரை. இங்குதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். இரண்டு அல்லது மூன்று எழுத்துகள் மட்டும் இருக்கும்; முழுப் பெயர் இருக்காது. ஒரே எழுத்துகளைப் பாவித்தவர்கள் பலர் இருந்தார்கள். எனவே எழுத்து அச்சு எழுத்தா சாய்ந்த கையெழுத்து வடிவமா, இடையில் புள்ளி உண்டா, சுற்றியுள்ள கட்டம் சதுரமா வளைந்ததா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஊரும் ஆண்டும் தெரிந்த பின்னரே இதைத் தேட வேண்டும். முதலில் இதிலிருந்து தொடங்கினால் கடலில் ஊசி தேடியது போலாகும். தேடுவதற்கு ஜக்சனின் நூலும் (1905), 1697 முதல் 1837 வரையான இலண்டன் பொற்கொல்லர்களைப் பற்றி ஆதர் கிரிம்வேட் எழுதிய நூலும் (1976) இருக்கின்றன. பிரட்பரியின் கைநூல் சட்டைப் பைக்குள் அடங்கும். ஊரையும் ஆண்டையும் பார்க்க அது போதும்.

என் கையில் இருந்ததில் சாய்ந்த கையெழுத்து வடிவில் 'எச்.பி.' இருந்தது. 1787, இலண்டன், சாய்ந்த 'எச்.பி.'. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஹெஸ்டர் பேட்மன் என்று வந்தது.

இவர் ஒரு பெண். 1760இல் கணவர் ஜோன் பேட்மன் மரணிக்க, தொழில் இவர் கைக்கு வந்தது. 1761இல் தன் பெயரில் முத்திரையைப் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்லப்படுகிறது. பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கரண்டி, தேநீர்ப் பாத்திரம், தட்டு என்று செய்வித்து 1790இல் ஓய்வு பெற்றார், 1794இல் காலமானார். அதன் பின் மகன் பீட்டரும் மருமகள் ஆனும் வேறு முத்திரைகளோடு தொழிலைத் தொடர்ந்தார்கள். இந்த முத்திரை உள்ள சாமானுக்குச் சேகரிப்பவர்கள் வெள்ளியின் நிறைக்குரிய விலையை விடக் கணிசமாகக் கூட்டிக் கொடுக்கிறார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்திரை இருப்பதால் அந்தப் பெண்ணே தன் கையால் அடித்துச் செய்தார் என்று சொல்லிவிட முடியாது. அது பட்டறைக்குப் பொறுப்பானவரின் அடையாளம். மற்றொருவர் செய்ததை வாங்கி, அவருடைய முத்திரைக்கு மேல் தன் முத்திரையை அடித்து விற்பதும் அக்காலத்தில் நடந்தது. விற்கும்போது "பேட்மன் பட்டறைச் சாமான்" என்று சொன்னால் பொய்யில்லை.

பெயர் பெரியதென்றால் ஏமாற்றும் அதிகம். சிறிய உடைந்த கரண்டியிலிருந்து முத்திரைத் துண்டை வெட்டி, பெரிய பாத்திரத்தில் ஒட்டுப் போட்டுப் பதிப்பவர்கள் உண்டு. முத்திரையைச் சுற்றி வாயால் ஆவி ஊதினால் ஒட்டு வைத்த கோடு தெரியும். அதேபோல 1700களின் சாதாரணக் கரண்டியை எடுத்து, நூறு வருடம் கழித்து அதன் குழியில் பழங்களின் உருவத்தை அடித்துத் தங்கமுலாம் பூசி பழம் பரிமாறும் கரண்டியாக்கியவையும் ஏராளம். முத்திரை அசல், வேலை பிந்தியது. பார்க்க அழகானவைதான். ஆனால் உள்ளதைச் சொல்லாமல் விற்பது சரக்கின் குறையை மறைப்பதாகும். எமக்கு அது ஆகுமானதல்ல.

1780க்கு முந்திய கரண்டிகளில் முத்திரையைப் பிடியின் நுனியில் தேட வேண்டாம். குழிக்குக் கிட்ட, தண்டு ஒடுங்கும் இடத்தில் அடித்திருப்பார்கள். முத்திரை அடித்ததும் தண்டு நசுங்கும். அதை மீண்டும் தட்டி நிமிர்த்தும்போது முத்திரையும் இழுபட்டுப் போகும். வாசிக்க முடியாதென்று ஒதுக்கிவிடாதீர்கள். மெழுகுதிரிப் புகையை அதில் படியவிட்டு, ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் சில வேளை தாளில் தெரியும். கடைப் பையன் மெஷினில் பொலிஷ் போட்டுவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. முத்திரை தேய்ந்த கரண்டி வெறும் வெள்ளிதான்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது ஒரு நட்டத்தின் பின்னர். 2003ஆம் ஆண்டளவில் சூப் ஊற்றும் பெரிய அகப்பை ஒன்றை நிறைக்கு வாங்கி, அன்று மாலையே உருக்கக் கொடுத்தேன். அதன் தண்டிலும் சாய்ந்த இரண்டு எழுத்துகள் இருந்தது ஞாபகம். அவை எந்த எழுத்துகள் என்பது ஞாபகமில்லை. உருக்கிய பின் யாரிடம் போய் விசாரிப்பது?

அந்தப் பெண்ணிடம் நிறைக்குரிய விலையையும், செய்தவர் பெயரால் கிடைக்கக் கூடிய விலை அதைவிடக் கூடியது என்பதையும் சொன்னேன். வெளிநாட்டு ஏலத்திற்கு அனுப்புவதென்றால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும், தரகும் போகும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. கல்யாணத்துக்கு ஹஜ்ஜுப் பெருநாள் வரை தவணை இருக்கிறது என்றார். 118 கிராம், இலண்டன், 1787, பேட்மன் பட்டறை என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். "எந்தக் கடைக்குப் போனாலும் இதக் காட்டுங்க தங்கச்சி. பொலிஷ் மட்டும் போட்டுடாதீங்க" என்றேன்.

கரண்டியைத் திரும்பவும் லேஞ்சியில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பொம்பிளயும் மாப்பிள மவுத்தான பொறகா நானா கடைய நடத்தின?"

"ஓம் தங்கச்சி, முப்பது வருஷம்" என்றேன்.