இலண்டன் வானொலியில் ஒரு நாள்

வானொலியைக் கேட்பது ஒன்று. வானொலியின் நிகழ்ச்சி நிரலைப் படிப்பது மற்றொன்று. இரண்டாவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவன் நான் என்றால் விடுதி நண்பர்கள் நகைக்கிறார்கள். 'ரேடியோ டைம்ஸ்' என்பது பி.பி.சி. 1923-இல் தொடங்கிய நிகழ்ச்சி நிரல் இதழ். அதன் பழைய நிரல்களை எவரும் கணினியில் படிக்கும்படி 2014-இல் வெளியிட்டார்கள். சென்ற விடுமுறையில் 1950-களின் நடுப்பகுதி நிரல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கேட்பவன் கேளாத ஒன்றை அவன் செவியில் இடும் உரிமை வானொலிக்கு உண்டா?

அக்காலத்தில் பிரிட்டனுக்குள் வானொலி நடத்தும் உரிமை பெற்றது பி.பி.சி. ஒன்றே. அதில் விளம்பரம் கிடையாது. வானொலி வைத்திருந்த வீட்டார் 1946 முதல் ஆண்டுக்கு ஒரு பவுன் உரிமக் கட்டணம் செலுத்தினர். ஒலிபரப்பு மூன்று வகை. 'லைட் புரோகிராம்' மெல்லிசைக்கும் நகைச்சுவைக்கும் உரியது, 1945-இல் தொடங்கியது. 'ஹோம் சர்வீஸ்' செய்தி, பேச்சு, நாடகம், பள்ளிப் பாடம் எல்லாம் கலந்தது. 1939-இல் போர் மூண்ட போது பிறந்தது. 1946-இல் வந்த 'தேர்டு புரோகிராம்' ஆழ்ந்த இசைக்கும் இலக்கியத்திற்கும் என்றே ஏற்பட்டது. அந்நாளில் தலைமை இயக்குநராக இருந்த வில்லியம் ஹேலி இம்மூன்றையும் ஒரு பிரமிடாகக் கண்டார். அகன்ற அடித்தளத்தில் இருப்பவன் நாளடைவில் ஒவ்வொரு படியாக மேலேறுவான் என்பது அவர் நம்பிக்கை.

இனி ஒரு வாரநாளின் காலைக்கு வருவோம். வழிபாடும் செய்தியும் போக, ஒன்பது மணிக்குப் பின் இல்லத்தரசிகள் கடிதம் எழுதிக் கேட்ட இசைத்தட்டுகள் லைட் புரோகிராமில் சுழலும். சற்று நேரத்தில் தொழிற்சாலைகளின் ஒலிபெருக்கிகள் விழித்துக்கொள்ளும். 'மியூசிக் வைல் யூ வொர்க்', அதாவது வேலையோடு இசை, 1940 ஜூனில் போர்த் தளவாட உற்பத்தியைக் கருதித் தொடங்கிய நிகழ்ச்சி. காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி. பேச்சு மிகக் குறைவு. இசை திடீரெனத் தாழ்ந்தால் இயந்திர இரைச்சலில் கரைந்துவிடும்; ஆதலால் ஒரே மட்டத்தில் ஒலிக்க வேண்டும் என்பது விதி. கைதட்டல் தாளம் அமைந்த ஒரு புகழ்பெற்ற பாட்டை இந்நிகழ்ச்சியில் வாசிக்கவே தடை இருந்தது. ஏன் தெரியுமா? தொழிலாளர்கள் அந்தத் தாளத்தைக் கையிலிருந்த கருவிகளால் இயந்திரத்தின்மேல் தட்டிவிடுவார்களாம்! பாட்டை எழுதியவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எது?

நண்பகலுக்குப் பிறகு நிரலை வகுத்தவர்களின் நுட்பம் என்னை வியக்கவைத்தது. பகல் 1.45-க்குப் பள்ளி செல்லா மழலைகளுக்குக் கால் மணி நேரம் கதையும் பாட்டும். 1950-இல் தொடங்கிய இதன் பெயர் 'லிசன் வித் மதர்'. தாயோடு சேர்ந்து கேள் என்பது பொருள். இரண்டு மணிக்கு 1946 முதல் நடந்துவந்த 'விமன்ஸ் அவர்', பெண்களுக்கான ஒரு மணி நேரம். மதியப் பாத்திரங்கள் கழுவி முடிந்து, மூத்த பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பாத வேளை அது. அடுக்களையில் நின்று பார்த்தவன்தான் இந்த நிரலை எழுதியிருக்க முடியும் என்று தோன்றியது. ஆனால் பெண்களுக்கான அந்த நிகழ்ச்சியைத் தொடக்கத்தில் நடத்தித் தந்தவர் ஓர் ஆண் என்பதை அறிந்தபோது என் வியப்புச் சற்றே இறங்கியது.

ஐந்து மணிக்கு ஹோம் சர்வீஸில் சிறுவர் நேரம். ஹோம் சர்வீஸ் வட்டாரந்தோறும் பிரிந்து ஒலித்ததால், வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகள் சில வேளைகளில் அதைத் தம் வேல்ஸ் மொழியிலேயே கேட்டனர். தாய்மொழி வழங்காத ஊரில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நாம் இந்தச் செய்தியை விரைந்து கடந்துவிட முடியாது.

மாலை 6.45. லைட் புரோகிராமில் 'தி ஆர்ச்சர்ஸ்'. 1948-இல் பர்மிங்காமில் உழவர்களையும் ஒலிபரப்பாளர்களையும் கூட்டி, வேளாண்மை நிகழ்ச்சிகளை எப்படி அமைக்கலாம் என்று கேட்டார்கள். அப்போது துப்பறியும் வீரன் டிக் பார்ட்டனின் கதையை நாடே கேட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஓர் உழவர் டிக் பார்ட்டன் வேண்டும் என்ற கருத்தில் எழுந்து பேசினார் ஓர் உழவர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார் காட்ஃப்ரி பேஸ்லி. ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைச் சிற்றூரும் ஆர்ச்சர் குடும்பமும் பிறந்தன. 1951 ஜனவரி முதல் நாடு முழுவதும் ஒலித்தன. உணவுப் பங்கீடு 1954 ஜூலை வரை நீடித்த நாடு அது. விளைச்சலைப் பெருக்கும் வழிகளைக் கதைக்குள் பொதிந்து தந்தார்கள். நகரத்தான் கதைக்காகக் கேட்டான். கேட்டபோதே உழவனின் கவலையையும் கேட்டான். அவன் விரும்பித் தேடியது அன்று அது.

1955 செப்டம்பர் 22 மாலை, புதுமணப் பெண் கிரேஸ் ஆர்ச்சர் தீப்பற்றிய இலாயத்துக்குள் குதிரையைக் காக்க ஓடி உயிர் துறந்தாள். பி.பி.சி.யின் தொலைபேசிகள் திணறின. அதே மாலையில்தான் இலண்டனில் விளம்பரத் தொலைக்காட்சி தொடங்கியது. தற்செயலாக நேர்ந்தது என்பதை நான் நம்பவில்லை.

ஒன்பது மணிக்குப் பிக் பென் மணியோசை, செய்தி. மாலையில் தொடங்கும் தேர்டு புரோகிராமோ கடிகாரத்துக்கு அடங்காதது. படைப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் ஒலிக்க விட்டது. 1954 ஜனவரி 25 இரவு டிலன் தாமஸின் 'அண்டர் மில்க் வுட்' நாடகத்தை முதன்முதலாக ஒலிபரப்பியது இதுவே. இரண்டு திங்களுக்கு முன்பே ஆசிரியர் மறைந்துவிட்டார். ரிச்சர்டு பர்ட்டனின் குரலில், வேல்ஸ் நாட்டுக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் ஒரு முழு நாள் விடிந்து இருண்டது.

ஹேலியின் பிரமிடு நிலைத்ததா? தேர்டு புரோகிராமைக் கேட்டவர் தொகை மிகச் சிறிது. 1957-இல் அதன் நேரத்தைக் குறைத்தனர், டி. எஸ். எலியட் முதலானோர் எதிர்த்தும் பயனில்லை. 1967 செப்டம்பர் 30 அன்று பழைய பெயர்கள் போய், ரேடியோ ஒன்று முதல் நான்கு வரை எண்கள் வந்தன. பாப் இசை ஒரு வீட்டில், மெல்லிசை ஒரு வீட்டில், செவ்விசை ஒரு வீட்டில், பேச்சு ஒரு வீட்டில். அவரவர்க்கு வேண்டியது அவரவர்க்கு எளிதாகக் கிடைத்தது. அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. எனினும் என் சார்பு ஹோம் சர்வீஸின் பக்கமே. மேலிருந்து ஒருவர் சுவையை வகுத்துத் தருவதில் ஓர் இறுமாப்பு உண்டு என்பதை ஒப்புகிறேன். ஆனால் என் கைப்பேசி நேற்று நான் கேட்டதையே இன்றும் நீட்டுகிறதே, அது மட்டும் பணிவா?

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த ஓர் இரவு, அந்த 1954-ஆம் ஆண்டு நாடகத்தின் ஒலிப்பதிவை அறையில் ஒலிக்கவிட்டேன். என் அறைத்தோழன் பொறியியல் படிப்பவன். திரைப்பாட்டன்றி வேறெதையும் கேளாதவன். பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். எழுந்தான், விளக்கை அணைத்துவிட்டு வந்து மீண்டும் படுத்துக்கொண்டு, ஒலியைச் சற்றுக் கூட்டச் சொன்னான்.